லக்கோட்டே மரத்துக்கு நான் பேசியது

லக்கோட்டே இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால், கன்றுக்குட்டியின் காதைத் தடவுகிற மாதிரியே இருக்கும். மேல்பக்கம் சொரசொரவென்று தடித்திருக்கும், கீழே மட்டும் வெளுத்த பூனைமுடி மெத்தென்று விரலில் ஒட்டும். அந்தக் காதுக்காகத்தான் நான் அந்தச் செடியைக் கேட்டேன். கன்னடத்தில் லக்கோட்டே என்கிற அந்தப் பழம் எப்படி இருக்கும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். பேக்கரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே செடி விற்கிற தோட்டத்துக்குக் கூட்டிப்போய், "உனக்குப் பிடிச்சதை எடு கண்ணு, அது உன்னோட மரம்" என்றார். தோட்டக்காரர் ஒட்டுக் கொய்யாவை எடுத்துக் காட்டி, சீக்கிரம் காய்க்கும் என்றார். மாதுளை இருந்தது, சப்போட்டா இருந்தது. நான் அந்தக் காது இலையையே பிடித்துக்கொண்டு நின்றேன். "அது கொட்டையில முளைச்சதுங்க, காய்க்க வருஷம் ஆகும்" என்று அவர் சொன்னதற்கு, நைனா சிரித்துக்கொண்டே, "ஆகட்டும். இவளும் படிக்கணும், பெரிய ஸ்கூலுக்குப் போகணும், எல்லாத்துக்கும் வருஷம் ஆகும்" என்றார்.

நீலசந்திராவில் ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள் இருந்த "வடாரா"வில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் கொஞ்சம் மண்தரை இருந்தது. அங்கே குழி தோண்டி, சாம்பலும் பால்காரர் கொட்டகைச் சாணமும் போட்டு, செடியை வைத்தோம். அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். நான் உயர்ந்தேனோ இல்லையோ, அது கூரையைத் தொட்டது. ஆனால் பூக்கவில்லை. எதிர்வீட்டு ஜயம்மா கன்னடத்துக்காரம்மா, வாய் துடுக்கு. "உங்க நைனா வாங்கினது மரமில்லடி, குடை" என்பாள்.

நான் நான்காவது படிக்கும்போது நைனா அந்தச் சாங்கியத்தைச் செய்தார். காய்க்காத மரத்துக்கு எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடாலியோடு போய் மரத்தை மிரட்ட வேண்டும், இன்னொருவர் குறுக்கே வந்து அதற்காகக் கெஞ்ச வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நைனா கோடாலிக்கு மஞ்சள் தடவி எடுத்துவந்தார். வடாராவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அம்மாதான் கெஞ்சுவதாக இருந்தது.

"சோம்பேறி மரமே, காய்க்கப் போறியா, வெட்டிப் போடட்டுமா?" என்று நைனா கத்தி, கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் ஓங்கித் தட்டினார். மரம் நடுங்கியது. அந்தச் சத்தத்தில் நான் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டு, "வெட்டாத நைனா! காய்க்கும்! அடுத்த வருஷம் காய்க்கும், நான் சொல்றேன்!" என்று அலறினேன். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பெண் நான். பத்துப் பேர் முன்னால் நான் குரல் எடுத்துப் பேசியது அன்று ஒருநாள்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஏனே ஹுடுகி, மரக்கே லாயரா நீனு?" என்றாள் ஜயம்மா, மரத்துக்கு வக்கீலா நீ என்று. நைனா சிரிக்கவில்லை. கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, "சரி வக்கீலம்மா, உன் பேச்சுக்காக விடறேன். காய்ச்சுட்டா இதுமேல கைவைக்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். வேலையிலிருந்து வந்ததும், "வக்கீலம்மா, உங்க கட்சிக்காரன் எப்படி இருக்கான்?" என்று கேட்பார். நானும் இலையைத் தூக்கி, அடியில் வாயை வைத்து, நைனா சொன்னதை அப்படியே மரத்துக்குச் சொல்வேன். நீ காய்த்துவிடு, அப்புறம் உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று.

அது கேட்டது. அடுத்த குளிர்காலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வடாரா முழுக்க வாசனை வந்தது. நான் ஐந்தாவது முடிக்கப்போகிற சமயம், கொத்துக் கொத்தாக மஞ்சள் பழம். புளிப்பும் இனிப்பும் ஒன்றாக நாக்கில் ஓடும், கொட்டை வழவழவென்று நழுவும். நைனா ஒவ்வொரு வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். "என் பொண்ணு வாதாடி ஜெயிச்ச மரம்" என்றார்.

அந்தக் கோடை விடுமுறையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரியம்மாவை அழைத்துவர அத்திபெலேவுக்கு அம்மாவும் நானும் போனோம். பஸ் ஸ்டாண்டில் அம்மா, நான் கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். வளையல் வாங்கித் தந்தாள். கேட்டாலும் வாங்கித் தருகிறவள் இல்லை அவள். நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது, பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது, முற்றத்தில் வெயில் கொட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் அவ்வளவு வெயிலை நான் பார்த்ததே இல்லை. மரம் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு ரூம் எழும்பப்போகிறதாம். சுவரில் அதே கோடாலி சாத்தியிருந்தது.

"காய்ச்சுட்டா வெட்ட மாட்டேன்னு சொன்னியே நைனா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தலையைத் தடவி, சிரித்துக்கொண்டே, "அடி பைத்தியமே, அது சாங்கியத்துக்குச் சொல்றது. மரத்துக்கென்ன காதா இருக்கு?" என்றார்.

எனக்கு இருந்ததே என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. கல்யாணமாகி வந்த சித்தியும் அம்மாவும் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்ட உட்கார்ந்தார்கள். சின்னவனான என் தம்பியைப் பார்த்துக்கொள்ள, சோறு வடிக்க ஆள் வேண்டியிருந்தது. பெரிய ஸ்கூலைப் பற்றி நைனா, "அடுத்த வருஷம் பார்க்கலாம் கண்ணு" என்றார். நான் கெஞ்சவில்லை. எதைச் சாங்கியத்துக்குச் சொல்கிறார், எதை நிஜமாகச் சொல்கிறார் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. "வக்கீலம்மா" என்று அதற்குப் பிறகும் சில தடவை கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்காததால், தானே விட்டுவிட்டார்.

நைனா போய்ப் பல வருஷம் ஆகிறது. வடாராவும் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது மாடிமேல் மாடி, மரம் நின்ற இடத்தில் படிக்கட்டு. லக்கோட்டே என்றால் கடைப் பையன்கள், அப்படி ஒரு பழமா என்று கேட்கிறார்கள். நான் பொம்மனஹள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மொட்டை மாடியில் அவள் தொட்டியில் எலுமிச்சை வைத்திருக்கிறாள். மல்பெரிக் குச்சி ஒன்றை நட்டாள், அது ஒரு மழைக்கே பழம் விட்டது. மருமகன், தின்ற பட்டர் ஃப்ரூட்டின் கொட்டையைப் பெரிய டிரம்மில் புதைத்தார். என் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது, பூ இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் தேங்காய் வெட்டுகிற கத்தியோடு மாடிக்கு வந்து, "இந்த வருஷமும் காய்க்கலைன்னா அவ்வளவுதான்" என்று செடிக்கு நேரே ஆட்டினார். இந்தச் சாங்கியத்தை அவருக்குப் போனில் யாரோ அனுப்பியிருந்தார்களாம். மகள் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீ சொல்லும்மா, காய்க்கும் விட்டுடுங்கன்னு. பெரியவங்க சொன்னா கேக்குமாம்" என்றாள்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். துவைத்த துணியைக் காயப்போட எடுத்துவர வேண்டும் என்று நான் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர்கள் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் ஊற்ற மேலே போனேன். பட்டர் ஃப்ரூட் இலையைத் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இருந்தாலும் அதனிடம் மெதுவாகச் சொல்லி வைத்தேன். "உனக்குத் தோணினா காய். யார் பேச்சையும் நம்பிக் காய்க்காதே."