படத்தில் தேக்கு அலமாரி

சாமான் இறக்குகிற வேலையில் முதுகு வலியைத் தாங்கிவிடலாம். கடைக்காரன் சொன்ன பொய்க்கு அடுத்தவர் வாசலில் போய் நிற்பதைத்தான் தாங்க முடியாது. வீடு வீடாகப் பொருள் கொண்டுபோகிற உங்களுக்கு இது புதிதில்லை.

கீல் இல்லாத கதவு

கொச்சங்காடியில் நான் வேலை பார்த்த மரச்சாமான் கடையில் நல்ல மரமே கிடையாது. என்ன வேண்டுமென்று சொன்னால் கம்ப்யூட்டரே படம் செய்து கொடுக்குமாம். முதலாளி அதைப் போனில் போட்டு ஆர்டர் பிடிப்பார். நாங்கள் கொண்டுபோவது மரத்தூளை ஒட்டிய பலகை.

ஒருநாள் தேக்கு அலமாரி என்று ஒரு படம் காட்டினார். செதுக்கிய கொடி, கிளி, பித்தளைப் பிடி எல்லாம் இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்தான். ஆனால் முப்பது வருஷம் அலமாரி தூக்கியவன். "கதவுக்குக் கீலே இல்லையே, எப்படித் திறக்கும்?" என்றேன். அவர் சிரித்தார்.

"சேட்டா, வாங்க வர்றவங்க கிளியைத்தான் பார்ப்பாங்க."

ஊஞ்சல்

வல்லார்பாடத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். வாதம் வந்த கணவரோடு சேர்ந்து உட்கார ஊஞ்சல் கேட்டிருந்தார். நான் மாட்டியதில் ஒரு குழந்தைதான் உட்கார முடியும். டீச்சர் கடைக்குப் போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. நாலு வசவு விழும் என்று காத்து நின்றேன். அவரோ உள்ளே போய்ச் சாயா போட்டுக்கொண்டு வந்தார்.

"குடிங்க. திட்டறதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, அதுக்கும் மனசு வரல."

சீர்

செல்வி எங்கள் சந்துக்காரி, மாநகராட்சியில் தெருக் கூட்டுபவள். மகளுக்குச் சீர் கொடுக்க அந்தக் கிளி அலமாரியைப் பார்த்து வைத்திருந்தாள். கடைக்கு வந்து, "அண்ணே, நம்பி வாங்கலாமா?" என்று கேட்டாள். பக்கத்தில் முதலாளி நின்றார். நான் ஆமென்று தலையாட்டினேன். அவள் படத்தை இடக்கொச்சியில் சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் காட்டிவிட்டாள்.

சீர் போன அன்று தேங்காய்த் தட்டு, பழத்தட்டுக்குப் பின்னால் என் வண்டி. அட்டையைப் பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தூக்கும்போதே எடை சொல்லிவிட்டது. கூடியிருந்தவர்கள் முன்னால் பிரித்தேன். இடுப்பு உயரம்கூட இல்லை. மாப்பிள்ளையின் அம்மா, "என்ன சம்பந்தி, கிளி பறந்துபோச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கப்படி பெண் முதல் புடவையை உள்ளே வைத்தாள். அலமாரித் தட்டு கழன்று, புடவையோடு கீழே வந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்குச் செல்வி வந்தாள்.

"கடைக்காரனை எனக்குத் தெரியாதுண்ணே. நான் உங்களைத்தான் கேட்டேன்."

அந்த வாரமே வேலையை விட்டேன், முதலாளியை இன்றுவரை மன்னிக்கவுமில்லை. ஆனால் அவர் நிமிர்ந்துதான் நடக்கிறார், செல்வி வீட்டு வழியை விட்டுச் சுற்றிப் போகிறவன் நான்தான்.