ஹாஜியார் கடையில் ஊதா நிழல்

1932 ஜனவரி, நோன்பு மாதம். கண்டித் துணிக்கடைகளுக்கு வருடத்தின் பாதி வியாபாரம் அந்த மாதத்தில்தான். அதே மாதத்தில்தான் ஸெய்னுலாப்தீன் வெள்ளைத் துணிப் பக்கம் தள்ளப்பட்டார். பதினாறு வருடம் முஹம்மது ஹாஜியாரின் கடையில் கலர்த் துணி விற்றவர் அவர். சேலைக் கரைக்குச் சட்டைத் துணி பொருத்திக் கொடுப்பதில் அவரை நம்பிக் கம்பளையிலிருந்து பெண்கள் ரயிலேறி வந்தார்கள்.

அவரைத் தள்ளியது ஒரு படம்.

இங்கிலாந்திலிருந்து வந்த துணிப்பெட்டிக்குள் ஒரு பத்திரிகைத் தாள் கசங்கிக் கிடந்தது. பிரான்ஸ் தேசத்து ஓவியர் ஒருவரின் ஆற்றங்கரை, வண்ணத்தில். கிட்டே பார்த்தால் வெறும் கீறல்கள். துணி விரிக்கும் மேசைக்கு மறுபக்கம் போனால் தண்ணீர் அசைந்தது. ஸெய்னுலாப்தீன் அங்குமிங்கும் நடப்பதைக் கண்ட பஹ்மி, அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் பக்கத்து மேசைக்காரன், "என்ன நானா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றான்.

அந்தத் தாளில் கறுப்பே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. நிழல்கூட ஊதாவும் நீலமும்தான். ஒரு பெட்டி கலர்ப் பென்சில் வாங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாவிக்கரையில் குந்தி, தண்ணீரையும் பாதையையும் மரங்களையும் அதே முறையில் வரைந்தார். அழுத்தாமல், குட்டிக் குட்டிக் கீறல்களாக, நீலத்தின் மேல் ரோஸ், பச்சைக்குப் பக்கத்தில் செம்மஞ்சள்.

மனைவி கைரியா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தாள். "தண்ணி நல்லா ஈக்கி. மரத்துக்கு என்ன, சொகமில்லயா?"

அவர் அதைக் கடையில் மாட்டினார். மனிதரோ மிருகமோ படத்தில் இல்லாததால் ஹாஜியாரும் மறுக்கவில்லை.

கலகெதரயிலிருந்து சேலையோடு வந்த சித்தி றலியா என்ற வாடிக்கைக்காரி படத்தின் முன் நின்றார்.

"இத கீறின யாரு?"

"நான்தான், உம்மா."

"நெழல் ஊதாவா ஈக்கி."

"நெழல் அப்படித்தானே, உம்மா."

சித்தி றலியா சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். "எனக்கு வேற யாராச்சும் துணி பாத்துத் தாங்கோ."

மறுநாள் வந்த பெண்களும் பஹ்மியையே கேட்டார்கள். ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஒனக்குக் கண் பழுதாப் போயிட்டு மவன். வெள்ளைப் பக்கம் நில்லு. வெள்ளையில யாருக்கும் பிழை விட ஏலாது."

வெள்ளை கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் மரண வீட்டார். அவர்களிடம் ஸெய்னுலாப்தீனுக்குப் பேச ஒன்றுமில்லை. நோன்புப் பெருநாள் வரை இப்படியே போனால் பெண்கள் பஹ்மிக்குப் பழகிவிடுவார்கள். பிறகு அந்த மேசை அவருக்கு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் ஹாஜியாரை மறித்தார்.

"ஹாஜியார், துணிய நாங்க வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்துலதானே பாக்குற? நெழலையும் ஒருக்கா அப்படி வந்து பாருங்க."

"நோன்போட வெயில்ல நடக்கவா?"

ஆனாலும் வந்தார். வாவிக்கரைப் பாதையில் மரநிழல் விழுந்திருந்தது. ஹாஜியார் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். ஒரு கண்ணை மூடினார்; பிறகு மற்றக் கண்ணை.

"ஸெய்னுலாப்தீன்."

"சொல்லுங்க."

"ஊதாவாத்தான் ஈக்கி."

ஸெய்னுலாப்தீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜியாரோ அப்படியே கரைச்சுவரில் உட்கார்ந்தார்.

"யா அல்லாஹ், எனக்கும் வந்துட்டு!"

"இது கண் வருத்தமில்ல ஹாஜியார், நெழலே அப்படித்தான்..."

"சத்தம் போடாத! மொதலாளிக்கும் கண் போயிட்டு எண்டு தெரிஞ்சா எவ கடைக்கு வருவா?" அவர் ஸெய்னுலாப்தீனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இந்தக் கண்ண வெச்சிக்கிட்டு எப்படிடா இவ்வளவு காலம் துணி பொருத்தின? நாளைக்கே கலர்ப் பக்கம் வந்துரு. எனக்கும் சொல்லித் தா."

சனிக்கிழமை காலை ஸெய்னுலாப்தீன் தன் பழைய மேசைக்குப் பின்னால் நின்றார். கண்டியில் காட்டினால் ஆட்கள் கண்டுவிடுவார்கள் என்று, ஹாஜியார் கண் வைத்தியரைப் பார்க்கக் கொழும்பு ரயிலேறினார்.