பாவாடை நாடாவும் ஒரு ட்யூப் மருந்தும்

நைலான் புடவையில் ஊறின வேர்வை வாசனை... விழுப்புரம் ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது அதுதான்.

காலையில் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறும்போதே யூனிஃபார்ம் புடவை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால்தான் புடவை நிற்கும். நாடா அழுத்தின இடத்தில், ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு வட்டம் வந்தது.

அப்பப்பா, என்ன அரிப்பு! கஸ்டமருக்குப் புடவையை விரித்துக்கொண்டே இடுப்பைக் கவுண்டரில் தேய்ப்பேன்.

மெடிக்கல் ஷாப்பில் நாலு ஆம்பளைகள் நின்றிருந்தார்கள். இடுப்பு என்று எப்படிச் சொல்வது?

"எங்க அண்ணனுக்குங்க... கையில படர்தாமரை."

எனக்கு அண்ணனே கிடையாது!

கடைக்காரர் ஒரு ட்யூபை நீட்டினார். ரெண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. நிறுத்தினேன், வந்தது. தடவினேன், போனது. திரும்ப வந்தது... மாசக்கணக்கில் இதே கூத்து. வட்டத்தின் நடுவில் ஆறியது, ஓரம் விரிந்துகொண்டே போனது. நடுவை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்ட புத்திசாலி நான்.

பக்கத்து செக்‌ஷன் கலாதான் அங்கே எனக்கு உயிர். அண்ணன் கதையைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டுவாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கன்னத்தில் பரு என்று அழுதாள்.

"இத்தத் தடவிப் பாரேன், எனக்கு நல்லா கேக்குது" என்று ட்யூபைக் கொடுத்தது நான்தான்.

ரெண்டு மாசம் முகம் பளபளவென்று இருந்தது. பிறகு நாலு நாள் தடவாமல் விட்டாள். முகமெல்லாம் சிவந்து, எரிந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம். கல்யாணத்துக்கு மூன்றே வாரம்.

"ஒன்ன நம்பித்தானேடி போட்டேன்!"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திண்டிவனத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் ஓடினோம். என் இடுப்பையும் அங்கேதான் முதன்முதலாகக் காட்டினேன். அவர் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுல மூணு மருந்து கலந்திருக்கும்மா. ஒண்ணு சீழ் புடிச்ச புண்ணுக்கு. ஒண்ணு படைக்கு. மூணாவது ஸ்டீராய்டு, அது அரிப்ப அமுக்கிடும். நீ ஆறிடுச்சுன்னு நெனைப்ப, படை வளந்துக்கினே இருக்கும். மொகத்துக்கெல்லாம் நீங்களா போடவே கூடாது."

எனக்கு வேறு க்ரீம் எழுதினார். அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை தடவணுமாம், வட்டத்தைத் தாண்டியும் தடவணுமாம். டவல் தனி, துணி வெயிலில் காயணும்.

அங்கேதான் மண்டை குழம்பியது. டாக்டரம்மா தந்ததைத் தடவினால் முதல் வாரம் உயிர் போகிற அரிப்பு. பழையதைத் தடவினால் சுகம். அப்படியென்றால் எது மருந்து, எது விஷம்? பழைய ட்யூபைக் குப்பையில் போடுவேன், எடுப்பேன், மறுபடி போடுவேன்... ஒரே பேஜாரு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் தடவியதில் படை போனது.

கலா மேக்கப்புக்கு உள்ளே முகம் எரிய எரிய மேடையில் சிரித்தாள். அந்த முகம் தேற ஒரு வருஷம் ஆனது. கல்யாண போட்டோவில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது எனக்குக் காட்டன் சுடிதார், உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஸ்டாக் ரூமில் கலாவோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட நாட்கள்தான் இல்லை. அந்த மாதிரி ட்யூப் மட்டும் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

போன வாரம் கலா ஃபோன் பண்ணினாள்.

"எம் பொண்ணுக்கு இடுப்புல வட்டமா வந்துக்கீதுடி. டாக்டர்கிட்ட காட்ட வெக்கப்படுது. நான் போட்டது மொகம், இது இடுப்புதானே? அந்த ட்யூபு பேரு என்னாடி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டவளே கேட்கிறாளே! பேர், மூடியின் கலர் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"மறந்துபோச்சுடி. பொண்ண இட்டுக்கினு வா. நானும் வர்றேன், டாக்டர்கிட்ட போலாம்."

நம்பினாளா, இல்லையா, புரியவில்லை.

"எதுக்கும் ஒங்க அண்ணனக் கேட்டுப் பாரேன்" என்றாள்.