பச்சைப் புள்ளியின் காவல்காரர்

இருதயநாதன் குமிழைத் திருகுவதில்லை, தொடுகிறார். கண் திரையில், மூச்சு பாதியில். ஆள் நீளக் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையிலிருந்து விரட்டப்படும் எலெக்ட்ரான்கள் மறுமுனைத் திரையில் பச்சைப் புள்ளியாக விழுகின்றன. அது நிற்காது. சுழலும், நடுங்கும், திடீரென்று ஓரத்துக்குத் தாவும். அடுத்து எங்கே போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. குழாயைச் சுற்றிய காந்தச் சுருளின் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க அந்தக் குமிழ் ஒன்றுதான்.

“ஓடுறப்ப புடிக்கக் கூடாதுங்க. ஓட நெனைக்கிறப்பவே தொட்டுடணும்” என்பார்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் கூடத்து அட்டெண்டர். எட்டாவதோடு நின்ற படிப்பு. எடமலைப்பட்டி புதூரிலிருந்து சைக்கிளில் வருவார். காக்கிக் கால்சட்டையின் பெல்ட்டில், ஒரே இரும்பு வளையத்தில், கூடத்தின் இருபத்தாறு சாவிகள். ஒருமுறை ஒரு சாவி தொலைந்ததிலிருந்து அந்தக் கொத்தைப் பகலில் கழற்றியதில்லை. மாதா கோயில் பூசையில் முழங்காலிடும்போது அது சிணுங்கும். முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

ஆறு வருடத்துக்கு முன் இந்த இயந்திரத்தைக் கட்டியவர் பேராசிரியர் அமிர்தசாமி. “நாதன் பக்கத்துல இல்லேன்னா புள்ளிக்குக் கோபம் வந்துடும்” என்று மாணவர்களிடம் கேலி செய்வார். இயந்திரம் ஓடும்போது இருதயநாதன் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.

அறுபத்து மூன்றாம் வருடம், பிப்ரவரி. திங்கட்கிழமை இயந்திரத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள். புள்ளி பத்து நிமிடம் நிற்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்தைப் பிரித்துவிடுவார்கள். அதுவரை நின்றதெல்லாம் நாற்பது விநாடி.

சனிக்கிழமை பெருக்க வந்த வியாகுலம்மாள் பினாயில் அறைச் சாவி கேட்டாள். குமிழை விட்டு எழ மனமில்லாமல் கொத்தையே அவிழ்த்து நீட்டினார். அவள் தாழ்வாரம் தாண்டினாள்.

புள்ளி நின்றது.

நூறு எண்ணினார். இருநூறு எண்ணினார். அவள் திரும்பி வாசலில் கால் வைத்ததும் புள்ளி துள்ளியது.

அதிகம் பேசாதவள் அங்கேயே நின்றுவிட்டாள். “அண்ணே, இந்தச் சாவிங்கதான். இதுல எப்பவும் குண்டூசி ஒட்டிக்கிட்டு இருக்கும், பாத்திருக்கேன்.”

மூன்று முறை போய்வரச் சொன்னார். மூன்று முறையும் அப்படியே. காந்தத்தருகே தொங்கித் தொங்கிச் சாவிகளும் காந்தமாகியிருந்தன. தொட அவர் குனிந்தால் கொத்து ஆடியது. கொத்து ஆடினால் புள்ளி ஓடியது. புள்ளி ஓடினால் அவர் மறுபடி குனிந்தார்.

“ஆறு வருசமா நானா?” என்றார். புள்ளி அடங்க வேண்டுமென்று மாதா கோயிலில் ஏற்றிய மெழுகுவர்த்திகள் நினைவுக்கு வந்தன. அப்போதும் கொத்து இடுப்பில்தான் இருந்தது.

மாலையில் சொன்னபோது அமிர்தசாமி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையிலிருந்த குண்டூசி ஒன்றைக் கொத்தில் ஒட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை, சாலையில் லாரி போனபோது புள்ளி ஒரே ஒருமுறை நழுவப் பார்த்தது. ஒரே ஒருமுறை தொட்டார். பத்து நிமிடம் முடிந்தது. இதை அடக்கியது யார் என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அமிர்தசாமி இருதயநாதனின் தோளில் கை வைத்தார்.

அவர் எழுந்தார். ஒரு கை வெறும் பெல்ட்டைத் தடவியது. மறு கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். தூரத்தில், வேப்பமரத்தடியில், இருபத்தாறு சாவிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வியாகுலம்மாள் நின்றிருந்தாள்.