மார்ட்கேஜும் மோர்த்தேயும்

சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கும். அந்தப் புகைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் எழும்பி, கோயில் ஓட்டுக்கூரையைத் தொட்டுத் திரும்பும். பூசையெல்லாம் லத்தீனில் நடந்த காலம் அது. மண்ணூரில் யார் செத்தாலும் அடக்கப் பாட்டை அப்பாதான் பாடுவார், அர்த்தம் தெரியாமலே. அதில் வரும் 'மோர்த்தே' என்றால் சாவு என்று சாமியார் ஒருமுறை சொல்லியிருந்ததால், அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் வீட்டுக்குப் புரியும். அது வரும்போது அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள்.

கிணற்றுக்குக் 'கரண்டு மோட்டார்' வைக்க, இருந்த ஒரே நிலத்தை அடமானம் வைக்கலாம் என்று அப்பா பாங்குக்குக் கிளம்பினார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கூடவே போனாள். குமாஸ்தா வாய்க்கு வாய் 'மார்ட்கேஜ்' என்றார். அம்மாவின் கை சட்டென்று நெஞ்சுக்குப் போயிற்று.

"இன்னாங்க, மோர்த்தேன்றாரே! சாவு பேர சொல்லிக்கினு கையெழுத்து கேக்குறாங்க. வாணாங்க, வூட்டுக்குப் போலாம்."

அப்பா சிரித்துவிட்டார். "அது கோயிலு பாஷைடி, இது பாங்கி பாஷை. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

குமாஸ்தாவும் சிரித்தார். கையெழுத்தாயிற்று.

அடுத்தடுத்து மழை பொய்த்தது. மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. நிலம் கைவிட்டுப் போய், அதில் ஒரு கம்பெனி காம்பவுண்டு எழுப்பியபோது, அப்பா அதன் கேட்டிலேயே வாட்ச்மேனாக நின்றார். தான் உழுத மண்ணுக்குள் நுழைய அடுத்தவனிடம் உத்தரவு கேட்டார்.

காலேஜில் சேர்ந்த புதிதில் அகராதியைப் புரட்டி 'மார்ட்கேஜ்' தேடினேன். பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஆனால் அதன் முன்பாதிக்கு வேர் லத்தீன், அதே சாவுதான். செத்த அடமானம் என்று பொருள். கடன் தீராவிட்டால் வைத்தவனுக்கு நிலம் செத்துப்போகிறது என்று விளக்கம் வேறு. அன்று சாயங்காலமே அம்மாவிடம் போய், "நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன். பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டே அந்தப் பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட சொல்லிடாதடி. அந்தப் பாட்டு ஒண்ணுதான் அவருக்கு மிச்சம் கீது."

நான் சொல்லவேயில்லை. கோயிலில் லத்தீன் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அப்பாவின் அடக்கத்தில் எல்லாவற்றையும் நல்ல தமிழில் பாடினார்கள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அம்மா மட்டும் 'மோர்த்தே'வுக்காகக் கடைசிவரை காத்திருந்தாள்.

இப்போது அம்மாவும் இல்லை. பஸ்ஸில் அந்தக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டும்போது என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. போன வாரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க கோயில் எதுவும் இல்லியே ஆன்ட்டி?" என்றாள்.

"எங்க நெலம் இருந்துச்சும்மா" என்றேன்.