ஜீப்பிலிருந்து கழற்றியது

நிற்கிற ஜீப்பைப் பார்த்தால் எனக்குக் கால் பரபரக்கும். போக வேலை வேண்டுமென்பதில்லை, தார்ச்சாலை எதிரே ஓடிவந்தால் போதும். அந்தச் சித்திரைக் காலையிலும் மேச்சேரிக்குப் போய் ஆட்டுக்குட்டி பார்க்கிறேனென்று மனைவியிடம் ஒரு சாக்குச் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்திருந்தேன்.

வாசலில் வேன் வந்து நின்றது. மனைவியின் தம்பி. ஹேச்சரியில் பொரிந்த கோழிக்குஞ்சுகளை அன்றைக்கே பண்ணைகளில் இறக்குகிறவன். வேன் முழுக்கப் பெட்டிகள், பெட்டி முழுக்கக் கீச்சொலி, மஞ்சள் நிறத்துக்கே குரல் வந்தது போல.

"மாமா, ஆல்டர்னேட்டர் போயிருச்சுங்க. பேட்டரியில சார்ஜ் ஏறல. ஃபேன் மெதுவாயிட்டே வருது."

ஃபேன் நின்றால் அந்த வெயிலில் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துவிடும். கெங்கவல்லிக்கு இன்னும் வெகுதூரம். ராசிபுரத்துக் கடையில் அந்தச் சாமான் சாயங்காலம்தான் வருமாம். என் ஜீப் பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பாதி வழிகூடத் தாங்காது, கிழடு.

அவன் பார்வை ஜீப்பின் மேல் நின்றது. "இதும் அதே கம்பெனிதானுங்களே."

பானட்டைத் திறந்தேன். முதலில் ஜீப் பேட்டரியைத் தூக்கிவந்து ஃபேன்களுக்கு ஒயர் கொடுத்தோம். மனைவி வேன் கதவுகளைத் திறந்துவைத்து முறத்தால் விசிறினாள்.

"சீர் கொண்டாருவான்னு பாத்தா, ஊட்டு வண்டியவே கழட்டிட்டுப் போறான் பாருங்க என்ற தம்பி."

"குஞ்சு எறங்கட்டுங்க்கா. சேவலாப் புடிச்சாந்து சீர் வெக்கறேன்."

ஜீப்பின் ஆல்டர்னேட்டர் வேனில் சொந்த இடம் போல உட்கார்ந்தது. போல்ட் துளைகள் நேருக்கு நேர். ஒரே கம்பெனி என்று இருவரும் சிரித்தோம். பெல்ட்டை மாட்டப் போனபோதுதான் சிரிப்பு நின்றது. வேனின் பெல்ட் ஒரே தடித்த வரி, பெல்ட் சுற்றும் ஜீப்பின் புல்லிச் சக்கரத்திலோ சன்னச் சன்னமாய்ப் பல வரிகள். இரண்டும் சேரவில்லை.

"ஒரே ஆத்தா பெத்ததுன்னாலும் கைரேகை வேறயா இருக்குதுங்களே மாமா."

சரி, ஆல்டர்னேட்டர் ஜீப்புடையது, புல்லி வேனுடையது என்று முடிவானது. புல்லி நட்டு அசைய வேண்டுமே. பழைய பெல்ட்டைச் சுற்றிப் புல்லியை நான் இறுக்கிப் பிடிக்க, அவன் ஸ்பேனரில் உடம்பையே சாய்த்தான். கை வழுக்கியது. மறுபடியும்.

"ரெண்டு ஆம்பளைங்க, ஒரு நட்டு. நல்லாத்தான் இருக்குது" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி குறைந்திருந்தது. உள்ளே கீச்சொலியும் குறைந்திருந்தது.

க்ரீச்சென்று நட்டு இளகியது. வேனின் பழைய ஆல்டர்னேட்டரிலிருந்தும் புல்லியைக் கழற்றினோம். வேனின் புல்லி ஜீப்புடைய அச்சில் வழுக்கிக்கொண்டு போய் அமர்ந்தது. வெளியே எப்படியிருந்தாலும் உள்ளே அச்சு ஒரே தடிமன்தான். ஜீப் பேட்டரியின் தயவில் எஞ்சின் உறுமியது. ஃபேன் வேகம் பிடித்தது. வேனே ஒருமுறை பெருமூச்சு விட்டாற்போலிருந்தது.

"ஜீப்ப நகத்தீறாதீங்க மாமா. பிரேக்குக்கான பம்பும் கழட்டுன ஆல்டர்னேட்டரோட வால்லதான் இருக்குது. பிரேக்க மிதிச்சா கல்லாட்டம் இருக்கும், வண்டி நிக்காது."

ஜீப்பில் அந்தப் பம்புக்கு வந்த எண்ணெய்க் குழாய்களின் வாயில் துணி அடைத்தேன். அது வாயடைத்து நின்றது. என் கால் நிற்கவில்லை.

"நானும் வாரேன்" என்று வேனில் ஏறிக்கொண்டேன்.

ஆத்தூர் தாண்டும்வரை சாலையை நான் பார்க்கவில்லை. முதுகுப்பக்கத்துக் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

கெங்கவல்லிப் பண்ணைக்கார அம்மா வெல்லத் தண்ணீர் கலந்து வைத்திருந்தார். "சீக்கிரம் எறக்குங்கப்பா, எவ்ளோ நேரம்?" ஓரத்துப் பெட்டி ஒன்றில் சில எழவேயில்லை. அவற்றைத் தனியே எடுத்துவைத்தான் அவன். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விட்டோம். என் கையிலிருந்தது சற்று நேரம் துவண்டு கிடந்தது. இரண்டாம் முறை தொட்டபோது விழுங்கியது. தலையை நிமிர்த்தி, கிரீஸ் அப்பிய என் கட்டைவிரலை ஒரு கொத்துக் கொத்திவிட்டு, தரையில் விரித்திருந்த உமியில் குதித்து ஓடியது.