வெளிச்சம் வேண்டாத சாமி

மூன்றாவது முறையும் கல்லுக்குள்ளிருந்து ஒளி கிளம்பியது. இந்தத் தடவை கொஞ்சம் மஞ்சளாக.

"இன்னும் தங்கமா வரணும்மா," என்றார் சுப்பிரமணியம். "பாத்த ஒடனே கை தானா கும்பிடணும்."

சுதர்ஷினி ஒளியைத் தங்கமாக்கினாள். கணினித் திரையில் மூன்று கற்களும் திருவிழாக் கடைப் பொம்மைகளைப் போல மின்னின. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சேமித்து வைத்தாள்.

ஹட்டனில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஒற்றை அறை ஸ்டூடியோ. பதினோரு வருடத்தில் அங்கிருந்து போன கலியாண வீடியோக்கள் முந்நூறைத் தாண்டும். மாப்பிள்ளையின் நெஞ்சிலிருந்து புறா பறக்கும், பெண்ணின் தலையில் ரோஜா கொட்டும். கேட்டதைச் செய்து கொடுக்கிற பிள்ளை என்று பெயர். சுப்பிரமணியம் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வந்தார். தலவாக்கலையில் அவருடைய புடவைக் கடைக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை விழாவில் திரை கட்டி ஒரு சாமி படம் போட வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஜனம் திரண்டு வர வேண்டும்.

யாரும் கேட்காமல் அவள் எடுத்த ஒரே படத்தை அவரிடம் காட்டியிருந்தாள். நோர்வூட்டுக்கு மேலே, அவள் பிறந்த தோட்டத்தில், கவ்வாத்து தொடங்கிய காலை. முற்றிய தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிற வேலை அது. ஒரு மலைக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். வெட்டுகிற ஆண்கள் பதினெட்டுப் பேர். அந்த மலையிலேயே கிடக்கும் மூன்று கற்களை எடுத்து நிழல்மரத்தடியில் நட்டு, கழுவி, பொட்டு வைத்து, கத்திகளை அவற்றின் முன் படுக்க வைப்பார்கள். கற்பூரம் எரியும். முதல் செடியில் வெட்டு விழும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மாப்பிள்ளையின் சட்டையில் குத்தும் சின்ன மைக்கை அன்று அவள் மரப்பட்டையில் குத்தியிருந்தாள். படம் பதினோரு நிமிடம். பனி, கற்பூரம், பதினெட்டு முதுகுகள், பிறகு கத்திச் சத்தம்.

"படம் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் சுப்பிரமணியம். "ஆனா பாக்கப் போற ஆளு நீங்க இல்லயே. பேச்சில்ல, பாட்டில்ல. நாலாவது நிமிஷம் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவாங்க."

அவர் வேண்டாம் என்றால் அவள் படத்துக்கு வேறு திரை இல்லை. அவர் சொன்னபடி செய்தால் திரையில் ஏறுவது அவள் படம் இல்லை.

ஒளி போதாது என்று அவருக்கு அடுத்த யோசனை வந்தது. கல்லைச் சுற்றிப் பெண்கள் விளக்கேந்தி நிற்க வேண்டும், அவர் கடைப் பட்டுடுத்தி. வியாழக்கிழமை அவருடைய வேனில் போனார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் சொல்லிவிட்டு மலையேறினார்கள். கவ்வாத்துக்காரர்களில் மூத்தவரான ஆண்டியப்பன் முன்னால் நடந்தார். அவளுடைய அம்மா குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு அடுத்த லயத்துக்காரர். மலை முழுக்க மொட்டைச் செடிகள். நிழல்மரத்தடியில் ஒன்றும் இல்லை.

"சாமி எங்க மாமா?"

"வேல முடிஞ்சுச்சு, போயிட்டாரு."

"அப்ப கல்லு?"

"கானு ஒடஞ்சிருந்துச்சு. அதுல வச்சு அடச்சாச்சு." ஆண்டியப்பன் தண்ணீர் ஓடும் கானைக் காட்டினார். "மறுபடி கல்லாயிட்டாருல்ல, சும்மா கெடந்தா எப்புடி?"

சுப்பிரமணியம் அசரவில்லை. பாதையோரம் வழவழப்பான கல் ஒன்று கிடந்தது. குனிந்து கைவைத்தார். "இது அம்சமா இருக்கு. இத நட்டுருவோம்."

"மொதலாளி, அது கொழுந்துக் கூடைய எறக்கிட்டு எங்க பொம்பளைங்க குந்துற கல்லு. அதான் அம்புட்டு வழுவழுப்பு."

சுப்பிரமணியம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. "படத்தக் காட்டு புள்ள. எங்க மூஞ்சி எப்புடி வந்திருக்குன்னு பாப்போம்."

வேனுக்குள் மடிக்கணினியைத் திறந்து தங்க ஒளி வைத்ததைப் போட்டாள். ஆண்டியப்பன் கடைசிவரை பார்த்தார்.

"இது எந்தூரு சாமி?"

"நம்ம சாமிதான் மாமா."

"நம்ம ஆளுக்கிட்ட இம்புட்டு வெளிச்சம் ஏது? இருந்திருந்தா நாங்க ஏன் இருட்டுல தடவித் தடவிக் கத்தி தீட்டுறோம்?"

அவள் ஒளி வைக்காத முதல் படத்தைப் போட்டாள். பனி வந்தது. ஆண்டியப்பன் வேன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார், காதைச் சொறிந்தார். "இந்தப் பனியத்தான் தெனம் பாக்குறோமே. தள்ளு." அந்தப் பனிக்காக அவள் இரண்டு மணி நேரம் காத்து நின்றிருந்தாள். தள்ளினாள்.

கத்திச் சத்தம் தொடங்கியதும் ஆண்டியப்பன் கண்ணை மூடினார்.

"இது வீரய்யா. எடது கைக்காரன், ரெண்டு தட்டாத் தட்டுவான். இந்தா, இது செல்லசாமி. தோள்பட்ட வலி, இழுத்து இழுத்து வெட்டுறான் பாரு." கொஞ்சம் பொறுத்து, "இது நான்," என்றார்.

சுப்பிரமணியம் முன்னால் சாய்ந்தார். "எல்லாரையும் கண்டுபுடிச்சிருவீங்களா?"

"நான் மட்டுமா? லயத்துல எங்க பொம்பளைங்களக் கேளுங்க. மலையில வெட்டுற சத்தம் கீழ கேக்கும். எவன் வெட்டுறான், எவன் பீடி குடிக்கிறான்னு அங்கனயிருந்தே சொல்லிருவாளுங்க."

திரும்பி வருகையில், நோர்வூட்டை நெருங்கும்போது, சுப்பிரமணியம் விரல்விட்டு எண்ணினார். பிறகு, "பதினெட்டுக் குடும்பம்," என்றார். "சொந்தபந்தம் சேத்தா எரநூறு பேரு வரும். வெளிச்சத்த எடுத்துருங்கம்மா."

"பாட்டு?"

"கடைசியில வைங்க. பதினெட்டுப் பேரு பேரையும் போட்டு, அப்புறமா கடப் பேரு."

"சரி மொதலாளி. பனியில ரெண்டு நிமிஷம் நான் வெட்டிர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் இடம் போதாமல் நின்றார்கள். சுதர்ஷினி கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தாள். திரையில் கற்பூரம் எரிந்தபோது மண்டபத்தில் ஒரு குழந்தை அழுதது. முதுகுகள் வந்தன. ஒருவர் எழுந்து வெளியே போனார். முதல் வெட்டு விழுந்தது.

முன்வரிசையில் ஒரு பெண், "எங்க வீட்டு ஆளு," என்றாள், பக்கத்திலிருப்பவளிடம் சொல்வது போல.

"ஒங்க ஆளா? அது எங்க அண்ணன்டி."

"ஒங்க அண்ணன் எப்ப இம்புட்டு வேகமா வெட்டுனாரு?"

சிரிப்பு பின்வரிசைவரை வந்தது. பிறகு தானாக அடங்கியது. காது கொடுத்திருந்தார்கள். வெளியே போனவர் டீக் கோப்பையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சுப்பிரமணியம் திரையைப் பார்க்கவில்லை, ஜனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்கள் ஓடி முடிந்ததும் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒருமுறை தலையசைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை. சுதர்ஷினி ஒன்பது மணிக்கு ஸ்டூடியோவைத் திறந்தாள். பத்து மணிக்குக் கொட்டகலையிலிருந்து ஒரு கலியாண வீட்டார் வந்தார்கள். புறா கேட்டார்கள், வைத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்குச் சுப்பிரமணியம் போன் செய்து படத்தை யூடியூபில் ஏற்றச் சொன்னார். ஏற்றினாள். இரண்டு மணிக்குக் கரண்ட் போய் மூன்று மணிக்கு வந்தது. அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஐந்தரைக்குக் கதவைப் பூட்டிவிட்டு, அம்மா வீட்டுக்குப் போக நோர்வூட் பஸ்ஸில் ஏறினாள்.